எடைக்கு ஒரு விலை, முத்திரைக்கு ஒரு விலை

1802 மே 4-ஆம் தேதி இரவு. கோபன்ஹேகனில் அரசரின் அரும்பொருள் கூடத்துக்குள் நீல்ஸ் ஹைடன்ரைக் என்ற பொற்கொல்லர், தானே செய்த கள்ளச்சாவிகளைக் கொண்டு நுழைந்தார். வெளியே வரும்போது அவர் கையில் இரண்டு தங்கக் கொம்புகள் இருந்தன. தெற்கு யூட்லாந்தின் கல்லேஹூஸ் என்ற சிற்றூர் வயலில் ஒன்று 1639-இலும் மற்றது 1734-இலும் கிடைத்தவை. ஐந்தாம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை. குட்டையான கொம்பில், செய்தவன் தன் பெயரையே ரூனிக் எழுத்தில் பொறித்து வைத்திருந்தான். இரண்டும் சேர்ந்து ஆறு கிலோவுக்கு மேல் எடை.

ஹைடன்ரைக் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் உருக்கிவிட்டார்.

அவர் பிடிபட்ட கதையில் தமிழ் வாசகருக்கு ஒரு தனி ருசி உண்டு. பொற்கொல்லர் சங்கத் தலைவர் ஆண்ட்ரியாஸ் ஹோல்மிடம் அவர் ஏற்கெனவே சில ‘பகோடா’ நாணயங்களை விற்கப் பார்த்திருந்தார். சோழமண்டலக் கரையில் புழங்கிய வராகனைத்தான் ஐரோப்பியர் அந்தப் பெயரில் அழைத்தார்கள். தரங்கம்பாடியோடு வணிகம் செய்த நகரம் என்பதால் கோபன்ஹேகன் தட்டார்களுக்கு வராகன் புதிதல்ல. ஹைடன்ரைக் கொண்டுவந்தவை பித்தளை கலந்த மட்டத் தங்கத்தில் அடித்த போலிகள். சந்தேகப்பட்ட ஹோல்மும் கூட்டாளிகளும் அவரைக் கண்காணித்தார்கள். நாணய அச்சுகளை அவர் நகர அகழியில் எறிவதைப் பார்த்தும்விட்டார்கள். 1803 ஏப்ரலில் கைது, வாக்குமூலம், பிறகு 1840 வரை சிறை. அவரிடம் வாங்கியவர்கள் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது கடைசியில் நாணயமாகிப் போனது.

கணக்குப் பார்த்தால் உலோகத்தில் பெரிய நட்டமில்லை. உருக்கிய தங்கமும் தங்கம்தான். ஆனால் கொம்புகள் போனவை போனவைதான். ரோமுக்கு அனுப்பிய வார்ப்புப் பிரதிகள் கோர்சிகா அருகே கப்பலோடு மூழ்கியிருந்தன. இன்று அருங்காட்சியகத்தில் நிற்பவை பழைய படங்களைப் பார்த்துச் செய்த மாதிரிகள். ஒரு பொருளின் எடை அப்படியே மிஞ்சி, பொருள் மட்டும் செத்துப்போவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு கிடைப்பது அரிது. சேகரிப்பு நாணயத்துக்கும் கட்டித் தங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பேச டென்மார்க்கைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே போதுமான காரணம். இன்னும் பல காரணங்களும் இருக்கின்றன.

கட்டித் தங்கம் என்பது எது என்பதில் குழப்பமில்லை. டென்மார்க் தேசிய வங்கியின் கையிருப்பில் 66.5 டன் தங்கம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி லண்டனில், இங்கிலாந்து வங்கியின் நிலவறையில் கிடக்கிறது. ஒவ்வொரு கட்டியும் சுமார் 12.5 கிலோ, ஒவ்வொன்றிலும் உருக்கிய ஆலையின் முத்திரை, எண், தூய்மை. எண் இருப்பதால் அதற்கு ஆளுமை வந்துவிடாது. அந்த எண் தணிக்கைக்கு. இந்தக் கட்டிக்குப் பதில் அதே எடையில் பக்கத்துக் கட்டியைக் கொடுத்தால் எந்த மத்திய வங்கியும் முகம் சுளிக்காது. சேகரிப்பாளர் உலகில் இப்படி ஒரு மாற்றீட்டைச் சொல்லிப் பார்த்தால் கதை வேறு.

அந்த உலகத்தின் உச்சியில் நிற்பவர் லார்ஸ் எமில் புரூன். 1852-இல் பிறந்து வெண்ணெய் வணிகத்தில் பெரும் பணம் சேர்த்த டேனிஷ்காரர். டென்மார்க், நார்வே, சுவீடன் நாணயங்களையும் பதக்கங்களையும் ஏறத்தாழ 20,000 வரை சேர்த்தார். முதல் உலகப் போரின் அழிவைக் கண்டு அதிர்ந்துபோனவர், விசித்திரமான ஓர் உயில் எழுதினார்: தான் இறந்தபின் நூறு ஆண்டுகளுக்கு இந்தச் சேகரிப்பை விற்கக் கூடாது, அரசின் நாணயச் சேகரிப்புக்கு ஏதாவது நேர்ந்தால் அதற்கு மாற்றாக இது இருக்கட்டும். 1923-இல் அவர் இறந்தார். அரசுச் சேகரிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நூறு ஆண்டுகள் சும்மா இருந்த பெட்டிகள் திறக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் கோபன்ஹேகனில் முதல் ஏலம் நடந்தது. நடத்தியது ஸ்டாக்ஸ் போவர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். ஏலத்துக்கு முன்பே தேசிய அருங்காட்சியகம் ஏழு உருப்படிகளைத் தனக்கென வாங்கிக்கொண்டது.

முதல் ஏலத்தின் மொத்த வசூல் கிட்டத்தட்ட 1.48 கோடி யூரோ. அதில் ஒரே ஒரு நாணயம் 12 லட்சம் யூரோவுக்குப் போனது: மன்னர் ஹான்ஸ் 1496-இல் அடித்த ‘நோபிள்’, டென்மார்க்கின் முதல் தங்க நாணயங்களில் ஒன்று. அதில் உள்ள தங்கம் ஓர் அவுன்ஸ்கூடத் தேறாது. தட்டார் தராசில் வைத்தால் சில ஆயிரம் யூரோ சொல்லுவார். மீதி முழுவதும் வேறு ஒன்றுக்கான விலை. தனியார் கையில் இருக்கும் ஒன்றே ஒன்று என்பதற்கு, 1496 என்ற ஆண்டுக்கு, இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்கு வந்தது என்ற சரித்திரத்துக்கு.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் சிக்கல். நடுவில் கிடக்கும் நாணயத்துக்கு டென்மார்க்கிலேயே சிறந்த உதாரணம் பழைய 20 குரோனர் தங்கக் காசு.

1873 மே 27 அன்று டென்மார்க்கும் சுவீடனும் ஸ்காண்டிநேவிய நாணய ஒன்றியத்துக்கு உடன்பட்டன. நார்வே 1875-இல் சேர்ந்தது. வெள்ளியை விட்டுத் தங்கத்துக்கு மாறிய ஒப்பந்தம் அது. ஒரு கிலோ சுத்தத் தங்கத்துக்கு 2,480 குரோனர் என்று நிர்ணயித்தார்கள். அதாவது ஒரு கிலோவிலிருந்து 124 இருபது குரோனர் காசுகள். ஒரு காசின் மொத்த எடை 8.96 கிராம், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் தூய்மை, உள்ளே 8.06 கிராம் சுத்தத் தங்கம். எட்டு கிராமைப் பவுன் என்று எண்ணிப் பழகிய தமிழருக்கு இந்தக் கணக்கு கையில் எடுத்ததும் பிடிபடும். ஒரு வித்தியாசம்: நம் கடைகளின் 22 காரட் பவுனில் சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான். டேனிஷ் காசு அதைவிடக் கொழுத்தது.

ஒன்பதாம் கிறிஸ்டியன் காலத்தில் இந்தக் காசுகளை ஏராளமாக அடித்தார்கள். பிறகு எட்டாம் ஃபிரெடரிக், பத்தாம் கிறிஸ்டியன். 1914-இல் போர் வந்ததும் நோட்டுக்குத் தங்கம் தரும் வழக்கம் நின்றது. 1927-இல் மீண்டும் தங்க அடிப்படைக்குத் திரும்பிய டென்மார்க், 1931 செப்டம்பரில் பிரிட்டனைத் தொடர்ந்து அதைக் கைவிட்டது. அடித்த காலத்தில் இந்தக் காசு வெறும் பணம். சேகரிப்புப் பொருளும் இல்லை, முதலீடும் இல்லை. பணமாக இருப்பதை அது நிறுத்தியபிறகே அதற்கு இரண்டு விலை பிறந்தது. 1870-களின் சாதாரண ஆண்டுக் காசு, தேய்ந்திருந்தால், இன்று தங்கத்தின் விலையை ஒட்டியே போகும். அதே அளவு தங்கம் கொண்ட அபூர்வ ஆண்டுக் காசை, அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்ததுபோல் பளிச்சென்று இருந்தால், தராசுக்காரரிடம் கொடுப்பவர் அப்பாவி.

கோடு எங்கே? ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கோட்டைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. காரணம் வரலாற்று ஆர்வமல்ல, வரி. டென்மார்க்கில் மதிப்புக்கூட்டு வரி 25 சதவீதம். முதலீட்டுத் தங்கத்துக்கு மட்டும் அந்த வரி கிடையாது. 1998-இல் வந்த ஒன்றிய விதிப்படி, கட்டி என்றால் ஆயிரத்துக்கு 995 தூய்மை வேண்டும். நாணயம் என்றால் நான்கு நிபந்தனைகள்: தூய்மை 900-க்குக் குறையக் கூடாது, 1800-க்குப் பிறகு அடித்திருக்க வேண்டும், அடித்த நாட்டில் சட்டப்படி செல்லும் பணமாக இருக்க வேண்டும், அல்லது இருந்திருக்க வேண்டும், வழக்கமான விற்பனை விலை, உள்ளிருக்கும் தங்கத்தின் மதிப்பை 80 சதவீதத்துக்கு மேல் தாண்டக் கூடாது.

கடைசி நிபந்தனையில்தான் சுவாரசியம் இருக்கிறது. தங்கத்தின் விலையைப்போல் 1.8 மடங்கு வரை கொடுத்தால் தங்கம் வாங்குகிறீர்கள்; அதற்கு மேல் கொடுத்தால் நாணயம் வாங்குகிறீர்கள் என்று ஒரு சட்டம் எண்ணால் சொல்லிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஒன்றியம் ஒரு பட்டியலும் வெளியிடுகிறது. அதில் டென்மார்க்கின் 10, 20 குரோனர் தங்கக் காசுகள் உண்டு. தூய்மை சரியாக 900 என்பதால் வாசற்படியில் நின்று உள்ளே வந்தவை அவை. நாடும் முகமதிப்பும்தான் பட்டியலில் இருக்கும், ஆண்டு பார்ப்பதில்லை. பட்டியலில் உள்ள காசுகள் சேகரிப்பு ஆர்வத்துக்காக விற்கப்படுபவை அல்ல என்றே சட்டம் கொள்கிறது. அபூர்வ ஆண்டுக்கு ஏங்கி, அதைப் பெரும் விலைக்கு வாங்கும் கோபன்ஹேகன் சேகரிப்பாளரின் மனதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை. மன்னர் ஹான்ஸின் நோபிளோ 1800-க்கு முந்தியது என்பதால் பட்டியலின் பக்கமே வர முடியாது.

வெள்ளிக்கு இந்தச் சலுகை ஒன்றும் கிடையாது. நகைக்கும் கிடையாது. 1980-களில் இலங்கையிலிருந்து வந்து ஹெர்னிங், பிராண்டே போன்ற யூட்லாந்து ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தாலிக்கொடியைச் சேமிப்பாகவும் கருதலாம். டேனிஷ் வரித்துறையின் கண்ணில் அது முதலீட்டுத் தங்கம் ஆகாது. காசுமில்லை, 995 தூய்மைக் கட்டியுமில்லை. சென்னையில் அட்சய திருதியைக்கு வாங்கும் லட்சுமி உருவக் காசும் இந்தத் தேர்வில் தோற்கும். அது நகைக்கடை அடித்த வில்லை. எந்த நாட்டின் பணமாகவும் இருந்ததில்லை.

80 சதவீதக் கோட்டுக்கு இன்னொரு குணம் உண்டு: அது அசையும். தங்கத்தின் விலை ஏறும்போது, மேல்விலை மெல்லியதாக இருக்கும் நாணயங்கள் தாமாகவே கட்டித் தங்கத்தின் பக்கம் சரிகின்றன. 2025 அக்டோபரில் தங்கம் ஓர் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. நாணயத்தைத் துளியும் அசைக்காமலேயே, ‘ஓரளவு அபூர்வம்’ என்று முன்பு தனி விலை பேசப்பட்ட காசின் முழு மதிப்பையும் அதன் உலோகமே எட்டிப் பிடித்துவிட முடியும். அப்படி ஆன காசுகள் உருக்கும் மூசைக்கு அருகில் நிற்கின்றன. எத்தனை பேர் சேகரிக்க விரும்புகிறார்கள் என்பதைவிட, தங்கம் எங்கே போகிறது என்பதே அவற்றின் ஆயுளை நிர்ணயிக்கும். ஹைடன்ரைக்கைத் தனி மனிதனின் குற்றமாக நினைக்கிறோம். சந்தையும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

வருமான வரிக்கு வந்தால் கேள்வி இன்னும் நுணுக்கமாகிறது. டென்மார்க்கின் 1922-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில், சொந்த உடைமையை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்குப் பொதுவாக வரி இல்லை. லாப நோக்கத்தோடு வாங்கியிருந்தால் வரி உண்டு. தங்கக் கட்டியை அலமாரியில் வைத்து ரசிப்பவர் யார்? விற்பதைத் தவிர அதற்கு வேறு பயன் காட்டுவது கடினம் என்பதால், வாங்கியதே லாபத்துக்குத்தான் என்று வரித்துறை எளிதாக வாதாடலாம். முப்பது ஆண்டு தேடி, ஆண்டுவரிசை முழுமையாக்கிய சேகரிப்பாளருக்குச் சொல்ல வேறு கதை இருக்கிறது. ஒரு உலோக வில்லையை ஏன் வாங்கினாய் என்று அரசு கேட்பது விந்தைதான். ஆனால் இரண்டையும் பிரிப்பதற்கு வாங்கியவர் நோக்கத்தைவிட நல்ல அளவுகோலை வரித்துறையால் எங்கே தேட முடியும்?

மண்ணுக்கடியில் கிடப்பதற்குச் சட்டம் வேறு. ‘டேனஃபே’ என்ற புதையல் உரிமை 1241-இன் யூட்லாந்துச் சட்டத்திலேயே இருக்கிறது. உரிமையாளர் அறியப்படாத புதைபொன்னும் வெள்ளியும் அரசருக்கு. இன்று அது தேசிய அருங்காட்சியகத்துக்கு. நிலத்துக்காரர் அனுமதியோடு உலோகம் கண்டறியும் கருவியுடன் வயல்களில் அலைவது அங்கே ஒரு பெரிய பொழுதுபோக்கு. கிடைத்ததை ஒப்படைத்தால் பரிசு உண்டு. பரிசை நிர்ணயிக்கும்போது மூன்றைப் பார்க்கிறார்கள்: உலோகத்தின் மதிப்பு, பொருளின் அருமை, கண்டெடுத்தவர் அதைக் காத்த கவனம். இந்தக் கட்டுரையின் கேள்விக்கு ஒரு சட்டம் கொடுத்திருக்கும் மிக நேர்த்தியான பதில் இதுதான் என்று சொல்லலாம். இரண்டு விலைகளையும் ஒரே தட்டில் வைத்து, உருக்காமல் கொண்டுவந்ததற்கும் கூலி தருகிறது.

2020 டிசம்பரில் யெல்லிங் அருகே விண்டலேவில் கிடைத்த புதையல் கிட்டத்தட்ட 800 கிராம் தங்கம். அதில் ரோமானியப் பேரரசு நாணயங்களைத் தொங்கட்டானாக மாற்றியவை இருந்தன. அவற்றைப் பார்த்து வடக்கத்தியர் தட்டிச் செய்த பிராக்டியேட் என்னும் மெல்லிய வில்லைகளும் இருந்தன. அவற்றில் ஒன்றில் ஓடின் என்ற கடவுளின் பெயர் இருப்பதை 2023-இல் படித்து அறிவித்தார்கள். அந்தப் பெயர் எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்று அது. எடைக்குப் போட்டிருந்தால் கோபன்ஹேகனில் சிறிய அடுக்ககம்கூட வாங்க முடியாத தொகை.

இந்த வில்லைகளுக்கான தங்கம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ரோமானியக் காசுகளை உருக்கித்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வடக்கத்தியருக்கு ரோமானியப் பேரரசர் முகம் செலாவணி அல்ல, சரக்கு. தமிழகத்திலும் அதே கதைதான். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு இருக்கிறது. ரோமில் பணமாக இருந்ததை இங்கே வெறும் தங்கமாக்கிய வெட்டு என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. அந்த வெட்டுக் காசுகளைத்தான் இன்று உலகம் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்க்கிறது. வெட்டே இப்போது அவற்றின் சிறப்பு.

பதக்கங்களிலும் டென்மார்க் ஒரு கூர்மையான வழக்கைத் தருகிறது. 1940-இல் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுக்குள் வந்தபோது இயற்பியலாளர் நீல்ஸ் போரின் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு நோபல் பதக்கங்கள் இருந்தன: ஜெர்மானிய இயற்பியலாளர்கள் மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் ஆகியோருடையவை. நாட்டைவிட்டுத் தங்கம் அனுப்புவது நாஜி ஜெர்மனியில் கடும் குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருந்தது. ஜார்ஜ் டி ஹெவெஷி என்ற வேதியியலாளர் அவற்றை ராஜ திராவகத்தில் கரைத்து, குடுவையை ஆய்வகத் தட்டில் வைத்துவிட்டார். போர் முடியும்வரை யாரும் அதைத் தொடவில்லை. பின்னர் தங்கத்தைப் பிரித்தெடுத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்ப, புதிதாகப் பதக்கம் அடித்துக் கொடுத்தார்கள். அதே தங்கம், அதே உருவம். நாணயச் சேகரிப்பாளர் கறாராகப் பார்த்தால் முதல் பதக்கம் செத்துவிட்டது, இது வேறு. ஆனால் அந்தத் திராவகக் கதையே இரண்டாவது பதக்கத்துக்கு முதலாவதுக்கு இல்லாத மதிப்பைக் கொடுத்துவிட்டது. நீல்ஸ் போர் தன் சொந்தப் பதக்கத்தை அதற்கு முன்பே, 1940 மார்ச்சில், பின்லாந்து நிவாரணத்துக்காக ஏலத்தில் விட்டுவிட்டார். பெயர் சொல்லாத ஒருவர் வாங்கித் தானமாகக் கொடுத்தார். அது இப்போது ஃபிரெடரிக்ஸ்போர்க் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கட்டி, பழைய காசு இரண்டையும் தவிர மூன்றாவது வகை ஒன்று உண்டு. வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடமும் அதுதான். சேகரிப்பதற்கென்றே அடிக்கும் நாணயம். 2005 முதல் 2007 வரை டென்மார்க், ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் ஐந்து கதைகளுக்கு நாணயங்கள் வெளியிட்டது. புழக்கத்துக்கான சாதாரணக் காசாகவும், வெள்ளியிலும் தங்கத்திலும். அழகானவை. ஆனால் வெளியான நாளிலேயே எல்லாரும் பத்திரப்படுத்தும் ஒரு பொருள் பின்னால் அபூர்வமாவது எப்படி? பழைய காசுகளில் சில அபூர்வமானதற்குக் காரணம், அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை என்பதே. உலகெங்கும் இப்படிப்பட்ட நினைவு வெளியீடுகள் மறுவிற்பனையில் உலோக விலையை நோக்கியே இறங்கி வருவதைப் பார்க்கலாம். வெளியீட்டு விலையில் சேர்ந்திருந்த பெட்டியும் சான்றிதழும் தராசில் ஏறாது.

விற்கும் நேரத்தில்தான் இரண்டின் குணமும் முழுதாகத் தெரியும். கட்டியை வாங்குபவர் எடை, தூய்மை, அன்றைய விலை பார்த்துச் சில நிமிடங்களில் பணம் கொடுப்பார். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே சிறு இடைவெளி, அவ்வளவே. நாணயத்துக்கு ஏற்ற ஆள் வர வேண்டும். ஏலம் என்றால் விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் கழிவு பிடிப்பார்கள். தரம் பற்றி வாக்குவாதம் வரும். அமெரிக்கர்கள் 70 வரை எண் போடுகிறார்கள். டேனிஷ் மரபில் 0 என்றால்தான் உச்சத் தரம். தெரியாதவர் அதைப் பார்த்துக் காசை ஒதுக்கிவிடக்கூடும். கட்டியை எப்படித் துடைத்தாலும் அதற்குக் குறையொன்றுமில்லை. பழைய செம்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், நூறு ஆண்டுகள் படிந்த நிறத்தோடு விலையின் பெரும்பங்கும் கழுவிப் போய்விடும்.

புளியைச் சொன்னதும் தரங்கம்பாடிக்கு வர வேண்டியிருக்கிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, இந்தியப் பெருநிலத்தில் இருந்த மற்ற உடைமைகளோடு சேர்த்து, ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இடையில் அந்தக் கோட்டையில் அடித்தது பெரும்பாலும் சில்லறை: முதலில் ஈயத்தில், பிறகு செம்பில். ஒரு பக்கம் மகுடத்துடன் டேனிஷ் அரசரின் பெயர்ச்சுருக்கம், மறுபக்கம் கம்பெனியின் எழுத்துகள். எண்பது காசுக்கு ஒரு வெள்ளி ராயலின்; எட்டு ராயலினுக்கு ஒரு ரூபாய். மீனவரும் காய்கறிக்காரியும் கைமாற்றிய காசு இது. கடல் அரிக்கும் கரையில் இன்றும் அவ்வப்போது கிடைப்பதுண்டு.

ஈயக் காசின் உலோக மதிப்பு பூஜ்யம் என்றே கொள்ளலாம். ஒரு கூடை நிறைய உருக்கினாலும் வலைக்குக் கட்டும் குண்டுதான் மிஞ்சும். ஈயம் கடற்காற்றில் வெளுத்துப் பொடிந்துவிடும் என்பதால், எழுத்துத் தெரியும்படி தப்பிய காசு குறைவு. எனவே நல்ல நிலையிலுள்ள ஈயக் காசுக்கு ஐரோப்பிய ஏலங்களில் போட்டி இருக்கிறது. லண்டன் நிலவறையின் தங்கக் கட்டிக்கு நேர் எதிர்முனை இதுதான்.

அந்த முனையில் இந்தியச் சட்டமும் நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அந்தப் பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாய்தான். தரங்கம்பாடி மணலில் இன்று கிடைக்கும் ஈயக் காசு, அதன்மேல் பெயர் பொறித்த அரசரின் ஊருக்குச் சட்டப்படி போய்ச்சேர வழியில்லை. கோபன்ஹேகன் ஏலத்தில் வருபவை பெரும்பாலும் பழைய காலத்தில் கப்பலேறியவையும், தலைமுறைகளாக ஐரோப்பியச் சேகரிப்புகளில் கைமாறியவையும்தான்.